நீக்கப்பட்ட நாற்பத்தெட்டு வீடுகள்

ஏழாம் வட்டத்தில் அவளுக்கு இருந்த பெயர் கேள்விக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அதை அந்தத் தெருக்களில் யாரும் வாசித்துப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, வெயில் தணிகிற மாதத்தில், தோளில் உயரம் அளக்கிற மரப்பலகை, கையில் எடை பார்க்கிற இயந்திரம், கக்கத்தில் படிவக்கட்டு என்று அவள் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வரும். அவள் மேல் இருந்த பாசத்தினால் அல்ல. பின்னால் ஒரு தள்ளுவண்டியில் நாற்பத்தெட்டு பிளாஸ்டிக் வாளிகள் வரும். பதில் சொல்கிற வீட்டுக்கு ஒரு வாளி. வருஷத்துக்கு ஒரு நிறம். காலண்டர் இல்லாத வீடுகளில்கூட வாளியை வைத்து வருஷத்தைச் சொல்வார்கள். பச்சை வாளி வருஷம் மாமனார் போய்ச்சேர்ந்தார், மஞ்சள் வாளி வருஷம் கூரை மாற்றினோம் என்று.

ஆராய்ச்சி இதுதான்: ஒரே வருஷத்தில் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பிறந்த நாளிலிருந்து விடாமல் பின்தொடர்வது. என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு வளர்கிறார்கள், எத்தனை பேர் ஒரே அறையில் தூங்குகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்போது பள்ளியை விடுகிறார்கள், ஏன். நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு மருத்துவர், ஒரு பொருளாதாரக்காரர், குழாய்களைப் படித்த ஒரு பொறியாளர், எல்லாருக்கும் மேலே ஒரு பேராசிரியர் என்று உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருபத்துநான்கு வட்டங்களில் இருபத்துநான்கு பெண்கள் நடந்தார்கள். நூற்றுப் பதினான்கு கேள்விகள். வருஷா வருஷம் அதே வீடு, அதே கேள்வி, அதே ஆள்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது, இடுப்பில் இரண்டு வயது மகள். பத்து நாள் பயிற்சி. படிவத்தில் இருப்பதை இருக்கிறபடி வாசிக்க வேண்டும். கூட ஒரு சொல் ஆகாது, குறைத்தும் ஆகாது. ஆறுதல், ஆலோசனை, ஆச்சரியம் மூன்றும் கூடாது. மேற்பார்வையாளர் ஒரு கண்ணாடியைச் சுவரில் மாட்டி, முகத்தை மாற்றாமல் கேட்டுப் பழகச் சொன்னார். பிறகு அவரே பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக மாறி, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுவார். கேட்கிறவள் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், ஒருத்தி கூடச் சேர்ந்து அழுதுவிட்டாள். மூன்று பேரும் அன்றைக்கே வீட்டுக்குப் போனார்கள்.

"நீங்க எல்லாரும் தராசு. தராசு அழாது, எட்டிப் பார்த்துப் புத்தியும் சொல்லாது" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் முதல் மதிப்பெண்ணில் தேறினாள். முகத்தை மரமாக வைத்துக்கொள்ளும் பயிற்சியை மாமியார் வீட்டில் ஏற்கனவே நான்கு வருஷம் எடுத்திருந்தாள்.

முதல் இரண்டு வருஷம் தராசாகவே இருந்தாள். மூன்றாவது வருஷம் இருபத்துமூன்றாம் எண் வீட்டில் மூன்று வயதுப் பெண்பிள்ளையைத் தூக்கி இயந்திரத்தில் நிறுத்தினால், முள் போன வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது. போன வருஷப் படிவம் அவள் கையிலேயே இருந்தது. துணி துவைத்துப் பிழைக்கிற தாய், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பிள்ளை நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான் என்றாள். கேள்விக்காரி எடையை எழுதினாள். மிச்சக் கேள்விகளை வாசித்தாள். கைநாட்டு வாங்கி, வாளியைக் கொடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனாள். அங்கே நின்றாள். பிறகு திரும்பி வந்து, பலகையையும் படிவத்தையும் வாசலிலேயே சாத்திவிட்டு, செருப்பை மறுபடி கழற்றினாள்.

ஏதாவது விட்டுப்போச்சா அக்கா என்று கேட்டாள் அந்தத் தாய்.

"படிவம் முடிஞ்சுது. இப்ப நான் சும்மா வந்திருக்கேன். பிள்ளை எடை ஒரு வருஷமா ஏறல. நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. துணியெல்லாம் எங்கயும் ஓடிடாது."

போனார்கள். ஆறு மாத மருந்து எழுதினார்கள். நான்காவது வருஷம் முள் நகர்ந்திருந்தது. அந்த எண்ணை எழுதியபோது கேள்விக்காரியின் முகம் மாறவில்லை. கையெழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. முதல் தடவை செருப்பைக் கழற்றினால் ஆராய்ச்சி. இரண்டாம் தடவை கழற்றினால் அக்கா. அவளுக்கு இதில் மனக்கிலேசமே இல்லை. பேட்டியின்போது ஆலோசனை கூடாது என்றுதான் விதி. பேட்டி முடிந்து, கைநாட்டு வாங்கி, தெருமுனை வரை போய்த் திரும்பிய பிறகு பேசுவதை எந்த விதி தடுக்கும்? வட்டத்துப் பெண்களும் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மனசில் எதையாவது வைத்துக்கொண்டு நூற்றுப் பதினான்கு கேள்விக்கும் விறுவிறுவென்று பதில் சொல்லிவிட்டு, சரி அக்கா, போய்ட்டுத் திரும்பி வாங்க என்பார்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு மனு எழுதினாள். பலகையில் கோடு தெரியாமல் முழித்தவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். உதவித்தொகைப் படிவங்களைத் தன் வேலைப் படிவங்களுக்கு நடுவில் செருகிக் கொண்டுவந்து நிரப்பினாள். எல்லாமே தேனொழுகச் சொன்னதும் இல்லை. பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடப் போகிறேன் என்ற அப்பன்மார்களிடம், நிறுத்தினால் அதைப் படிவத்தில் எழுதுவேன், அது மேலே போகும், மேலேயிருந்து ஆள் வரும் என்று கூசாமல் புளுகினாள். மேலே என்பது மூன்றாவது மாடி, அங்கேயிருந்து வாளி தவிர எதுவும் வராது என்று அவளுக்குத் தெரியும். அப்பன்மார்களுக்குத் தெரியாது.

அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் பெயின்டர். வாய் கொஞ்சம் நீளம். ஊரில் இருக்கிற பிள்ளைகளின் உயரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறாய், நம் வீட்டில் ஒன்று வளர்கிறதே, அது உன் தோளுக்கு வந்துவிட்டதா, இடுப்பிலேயே இருக்கிறதா என்று கேட்பான். அவளுக்கு வீட்டிலும் தராசு முகம்தான். மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியது கேள்விகள் நடக்கிற மாதத்தில். மறுபடி எழுதிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கித் தோளில் வைத்தாள். அந்த மாதம் முப்பத்தொன்றாம் வீட்டுக்காரன் தன் பெண்ணை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்துவதாக ஒற்றைக்காலில் நின்றான். அவனை மடக்க மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மகள் மறுபடி எழுதவில்லை. அடுத்த வருஷம் மருந்துப் பெட்டி ஒட்டுகிற கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். அது எந்த வாளி வருஷம் என்று கேட்டால் கேள்விக்காரிக்குச் சொல்லத் தெரியாது. அவள் வீடு ஆராய்ச்சியில் இல்லை, அதனால் வாளியும் இல்லை.

வேலை இத்தனை வருஷமும் பதினொரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் அவள் அந்த நிறுவனத்துக்கு யாரோ. பதின்மூன்றாவது மாதம் மறுபடி கையெழுத்து. நிரந்தரம் என்கிற சொல்லை அவர்கள் வீட்டில் விருந்தாளியின் பெயரைச் சொல்கிற மாதிரி சொல்வார்கள். வருவார், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளுக்கு இருபது வயதானபோது மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். புள்ளிவிவரம் படித்தவள், கண்ணாடி போட்ட ஒல்லி. எல்லாரும் கணக்குப் பெண் என்றார்கள். அத்தனை வருஷப் படிவங்களையும் கணினியில் ஏற்றி, வட்டத்துக்கு ஒரு கோடு என்று இருபத்துநான்கு கோடுகளைச் சுவரில் ஒட்டினாள். எத்தனை பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள் என்கிற கோடு. இருபத்துமூன்று கோடுகள் பதினான்கு வயதில் தலைகுப்புற விழுந்தன. ஒன்று மட்டும் விழ மறந்ததுபோல மேலேயே போனது. ஏழாம் வட்டம். நாற்பத்தெட்டில் நாற்பத்தொரு பேர் பள்ளியை முடித்திருந்தார்கள். அதே கூலி, அதே கூரை, அதே சாப்பாடு. ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

குழாய்ப் பொறியாளர்தான் கண்டுபிடித்தார். ஏழாம் வட்டத்தில் மட்டும் இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடத்தில் பொதுக்குழாயைச் சுற்றி அகலமாக ஒரு சிமென்ட் மேடை இருந்தது. பெண்கள் அங்கே உட்கார்கிறார்கள், உட்கார்ந்தால் பேசுகிறார்கள், பேசினால் பள்ளி, உதவித்தொகை, ஆஸ்பத்திரி என்று செய்தி பரவுகிறது, செய்தி பரவினால் பிள்ளை படிக்கிறது. பேராசிரியர் அதைக் கட்டுரையாக எழுதினார். ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அரசு முந்நூறு இடங்களில் மேடையோடு குழாய் கட்டப்போவதாகச் சொன்னது. அதிகாரிகள் வந்து மேடையைத் தொட்டுப் பார்த்தார்கள். படம் எடுத்த அன்று மழை. பெரிய அதிகாரிக்குக் கேள்விக்காரிதான் குடை பிடித்தாள். பத்திரிகையில் வந்த படத்தில் மேடை இருந்தது, அதிகாரி இருந்தார், குடைக்காம்பைப் பிடித்த ஐந்து விரல்கள் இருந்தன.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்த மேடையில் பெண்கள் பேசுகிறார்கள் என்பது உண்மை. யார் குடம் முன்னால் இருந்தது என்று பேசுகிறார்கள். நீல வாளி வருஷம் அங்கே முடியைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை.

சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கச் சொல்லி எல்லாம் கூடியும் வந்தது. ஏழாம் வட்டத்தால் நிறுவனத்துக்குப் பெயர் கிடைத்ததால், அடுத்த மாதக் குழுக்கூட்டத்தில் அவளை நிரந்தரமாக்கி மேற்பார்வையாளர் ஆக்குவது என்று பேராசிரியரே கூப்பிட்டுச் சொன்னார். அன்று இரவு கணவன் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து நடக்காதது. குழாயைப் பற்றி அவள் சொன்னபோது அவன் சிரித்துக்கொண்டே, குழாய்தான் காரணம்னு படிச்சவங்க சொல்றாங்க, குழாய்க்கு வாய் இருந்தா அதுகூட இல்லைன்னு சொல்லாது, நீ ஏன் சொல்ற என்றான்.

நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்குப் பத்து நாள் முன்னால் ஆண்டுக் கூட்டம். வட்டங்களில் கேள்வி கேட்கிற பெண்களையும் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தார்கள். பேராசிரியர் சுவரில் அந்த விழாத கோட்டைக் காட்டிப் பேசினார். நல்ல மனிதர்.

"இந்தப் பிள்ளைங்களுக்காக யாரும் எதுவும் செய்யல. ஒரு மேடை இருந்துது, அவ்வளவுதான். அதுதான் இதுல அழகு."

கேள்விக்காரி கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

பொய்யைப் பொறுக்க முடியாமல்தான் சொன்னேன் என்று பின்னால் அவள் சிலரிடம் சொன்னதுண்டு. அது பாதி. யாரும் எதுவும் செய்யவில்லை என்ற சொல் அவள் உச்சந்தலையில் விழுந்தது என்பது மீதிப் பாதி. ஒரு தடவையாவது, ஒரே ஒருத்தராவது, நீயா செய்தாய் என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்றும் நினைத்தாள். மூன்றாவது மாடியில் எல்லாரும் காரணத்தைத் தேடுகிறவர்கள்தானே.

தண்ணீர் கேன் வைத்திருந்த தாழ்வாரத்தில் கணக்குப் பெண்ணைப் பிடித்து, இருபத்துமூன்றாம் வீட்டில் ஆரம்பித்துச் சொன்னாள். செருப்பைச் சொன்னாள், மனுக்களைச் சொன்னாள், மேலேயிருந்து ஆள் வரும் என்ற புளுகையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். கணக்குப் பெண் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளர் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தனை வீட்ல அக்கா?"

"எல்லா வீட்லயும்தான். ஓரவஞ்சனை பண்ணினேன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாரு."

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. எதை எந்த வீட்டில் எந்த வருஷம் செய்தீர்கள் என்று எழுதித் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். கேள்விக்காரி இரண்டு நாள் விடுப்பு எடுத்து, கோடுபோட்ட புது நோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். வீட்டு எண், வாளி நிறம், செய்த காரியம், ஆன பலன். நிரந்தர வேலைக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு என்ன வேண்டும் என்று அவள் நினைப்பு. தன் மேல் தானே குற்றப்பத்திரிகை எழுதுகிறோம் என்று தெரிந்திருந்தால் கையெழுத்தாவது கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கும்.

பேராசிரியர் அறையில் நோட்டு மேஜைமேல் இருந்தது. கணக்குப் பெண் ஓரமாக நின்றாள். பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கும் வாய் திறந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம், என்றார். மறுபடி அதையே சொன்னார். ஆள் வரும் என்று பயமுறுத்தியிருந்தால் அவர்கள் சொன்ன பதில்களும் உனக்குப் பிடித்த பதில்களாகத்தானே இருக்கும், எதை நம்புவது என்று கேட்டார். சான்றிதழ்களைக் கண்ணால் பார்த்தேனே சார் என்றாள். அதற்குக் கணக்குப் பெண்தான் தலையை ஆட்டி, பள்ளிப் பதிவேடுகளோடு தான் ஒத்துப் பார்த்துவிட்டதாகவும் நாற்பத்தொன்று என்பது சரிதான் என்றும் சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா நாங்க அதை அளக்கல."

"இப்ப அளங்க சார். குழாயை அளந்தீங்களே."

"குழாயை முந்நூறு இடத்துல கட்டலாம். நீங்க ஒரே ஒரு ஆள். ஒரு ஆளை வச்சு ஆராய்ச்சியில எதுவும் சொல்ல முடியாது."

அவள் மனதுக்குள் ஐந்து எண்ணினாள். அது பழக்கம். பிறகு நோட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அது இனி நிறுவனத்தின் ஆவணம் என்றார்கள்.

குழுக்கூட்டம் நடந்தது. ஏழாம் வட்டத்து நாற்பத்தெட்டு வீடுகளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள், பிறந்த நாளிலிருந்தே. ஆயிரத்துச் சொச்சம் என்பதில் சொச்சம் குறைந்தது. கட்டுரை வந்த பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திருத்தம் வந்தது: பேட்டித் தரக் குறைபாடு காரணமாக ஒரு வட்டம் விலக்கப்படுகிறது. அவ்வளவுதான். மேடைக் குழாய்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. டெண்டர் விட்டாகிவிட்டது, எழுபது இடங்களில் சிமென்ட் போட்டாகிவிட்டது. காரணம் இல்லாமல் போனாலும் கட்டடம் எழும்பியது. அவளுடைய ஒப்பந்தம் பன்னிரண்டாவது மாதத்துக்குள் போனது, பதின்மூன்றாவது மாதத்தில் வெளியே வரவில்லை. பலகையையும் இயந்திரத்தையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, பலகையில் ஒரு முனை உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

கேள்விகள் நடக்கிற மாதம் வந்ததும் அவளுக்குக் கால் நிற்கவில்லை. தோளில் ஒன்றும் இல்லாமல் ஏழாம் வட்டத்துக்குப் போனாள். பலகை இல்லாத தோள் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. இருபத்துமூன்றாம் வீட்டுத் தாய் அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டி வருகிறதா என்றுதான் முதலில் எட்டிப் பார்த்தாள். மற்ற வட்டங்களுக்குச் சிவப்பு வாளி வந்துவிட்டதாம், மூடியோடு. எடை ஏறாமல் கிடந்த அந்தப் பிள்ளை இப்போது செவிலியர் படிப்பில் மூன்றாம் வருஷம். அவளுடைய வெள்ளை உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்களை எல்லாம் கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்களாமே அக்கா. என் பொண்ணு படிச்சதே செல்லாதுன்னு எழுதிட்டாங்கன்னு சொல்றாங்க. நீங்க ஏன் போய்ச் சொன்னீங்க?"

செல்லும், படிப்பெல்லாம் செல்லும், அது வேறு கணக்கு என்றாள். அந்தத் தாய்க்கு அது புரிந்த மாதிரி இல்லை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு கேள்விக்குக் காத்திருப்பவள்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கேள்வி இல்லாமல் ஒருவரோடொருவர் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அன்று அவள் செருப்பை ஒரு தடவைதான் கழற்றினாள். தெருமுனையிலிருந்து திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் வேலையிலிருந்து வந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோலாக உரிந்திருந்தது. இருபத்துநான்கு வயது. அம்மாவைவிட நான்கு விரல் உயரம். எப்போது அத்தனை வளர்ந்தாள் என்று எந்தப் படிவத்திலும் இல்லை. கேள்விக்காரி சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள்.

"வாளி தருவியா?" என்றாள் மகள், திரும்பாமலே.

எழுபத்தொன்றாம் கேள்வியை அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கிற குரலில் கேட்டாள். நீங்கள் படிப்பை நிறுத்தியதற்கான முக்கியக் காரணம் என்ன? அதற்குப் படிவத்தில் ஒன்பது பதில்கள் உண்டு. வறுமை, தூரம், நோய், வீட்டு வேலை, திருமணம் என்று வரிசையாக, ஒன்பதாவது பிற. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மகள் எதைச் சொன்னாலும் எண் போட்டுவிடலாம்.

மகள் குழாயை நிறுத்திவிட்டு யோசித்தாள். கோபமாக இல்லை. நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்கிற மாதிரிதான் யோசித்தாள்.

"ஏன் நிறுத்துறேன்னு நீ கேப்பேன்னு பார்த்தேன்மா. ஒரு வாரம் பார்த்தேன். நீ பலகையைத் தூக்கிட்டுப் போய்ட்ட."

டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கேள்விக்காரி பயிற்சியில் சொன்னபடி மனதுக்குள் ஐந்து எண்ணினாள். முகம் மாறவில்லை. எழுபத்திரண்டாம் கேள்விதான் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.